பேப்பர் குடித்த எண்ணெய்

சித்தெ நகந்து உக்காருங்க கண்ணு. இந்தப் பையை நான் மடியிலயே வெச்சுக்கறேன், கீழ வெச்சா உள்ள இருக்கிற மைசூர்பாகு நொறுங்கிப் போயிரும். டீச்சருங்களா? பரீட்சைப் பேப்பரு கட்டு வெச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். எதுவரைக்கும் போறீங்க? புளியம்பட்டியா? அட, நானும் அங்கதானுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நாயம் பேசீட்டே போயிரலாம். திருத்தறதெல்லாம் அப்பறம் திருத்திக்கலாம், பேப்பரு எங்கயும் ஓடிப் போகாது.

இப்பக் கண்டக்டரோட பேசுனதை வெச்சு என்னையச் சண்டைக்காரின்னு நெனச்சுக்காதீங்க. சீட்டுல தூசி இருந்துச்சு, தொடைச்சுட்டு உக்காரணும்னேன், அவரு சீக்கிரம் உக்காருங்கன்னாரு, நான் நாலு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். மத்தபடி நான் யாருகிட்டயும் வம்புக்குப் போகமாட்டனுங்க. பக்கத்து வீட்டுக்காரியோட பேசறதில்லை, அது அவ தப்பு. என்ற நாத்தனாரோட பேசறதில்லை, அதும் அவ தப்பு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, இந்த ஆறுச்சாமி விசயத்துல யாரு மேல தப்புன்னு.

நான் கணபதிப் பக்கம் ஒரு கம்பெனியில பேக்கிங் பாக்கறனுங்க. மாராத்தாள்னா அங்க எல்லாருக்கும் தெரியும். பத்தொம்பது வருசம். எங்க கம்பெனியில புஷ் பண்றாங்க. புஷ்ஷுன்னா, டேபிள் ஃபேன் சுத்துதுல்ல, நடுவுல ஒரு கம்பி இருக்குமே, அந்தக் கம்பியைப் புடிச்சுட்டு இருக்கிற வளையம். மோதிரத்தைவிடச் சித்தெ தடிமனா இருக்கும். வெண்கலப் பொடியை அச்சுல போட்டு அமுக்குவாங்க, நாம புட்டு அமுக்கறாப்பல. அப்பறம் அடுப்புல வேக வெச்சு, எண்ணெய்த் தொட்டியில முக்கி எடுத்து எங்ககிட்டத் தாட்டி விடுவாங்க. அந்தப் புஷ்ஷுக்கு ஆயுசு முழுக்க யாரும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டியதில்லை, தானே விட்டுக்குமாம். எப்படி விட்டுக்கும்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. எனக்கெதுக்கு? எண்ணி, அடுக்கி, கட்டி, பேரு எழுதி அனுப்பறதுதான் என்ற வேலை.

அந்த எண்ணெய்த் தொட்டிக்காரருதான் ஆறுச்சாமியண்ணன். புளியம்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரு. அம்பத்தாறு வயசு. அந்த மனுசன் எங்க நின்னாலும் அந்த எடத்துல எண்ணெய் இருக்கும். டீ டம்ளர்ல எண்ணெய். பேனாவுல எண்ணெய். அவரு கையெழுத்துப் போட்ட நோட்டைத் தொறந்தா அடுத்த பக்கத்துல இருக்கிறது தெரியும். தட்டுத் தட்டா புஷ்ஷு கொண்டாருவாரு, வழியெல்லாம் சொட்டிக்கிட்டே. என்ற செக்சன் தரை கண்ணாடியாட்ட இருக்கும் டீச்சர், நானே தொடைப்பேன். அதனால வாசப்படியில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டேன். இதைத் தாண்டி உள்ள வராதீங்க, தட்டை அங்கயே வெச்சுட்டுப் போங்கன்னு சொல்லிப்போட்டேன். திட்டறதா இருந்தாலும் நான் மரியாதை போட்டுத்தானுங்க திட்டுவேன்.

அவரு திருப்பி ஒண்ணும் சொல்லமாட்டாரு. சிரிச்சுட்டுப் போயிருவாரு. அதுதான் எனக்கு ஆகாது. பதிலுக்கு நாலு வார்த்தை பேசுனாத்தானே சண்டையும் ஒரு முடிவுக்கு வரும்? பத்தொம்பது வருசமா நான் மட்டுமே பேசீட்டு இருக்கேன்.

போன ஐப்பசியில ஹைதராபாத்துல இருந்து ஃபேன் கம்பெனிக்காரரு ஒருத்தரு வந்தாருங்க. எங்க சரக்குல பாதி அவங்களுக்குத்தான் போகுது. வெள்ளச் சட்டை, கையில நல்ல வாட்ச்சு. ஒரு பெட்டியைப் பிரிச்சுப் பாத்தாரு, சட்டைக் கையில எண்ணெய் ஒட்டிக்கிச்சு. மொகம் சுளிச்சாரு. எங்க மேனேஜர் தனபால் சார் என்னையப் பாத்து, 'பேக்கிங்ல சித்தெ கவனமா இருங்கம்மா'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை. ஆனாக்க எனக்கு மானம் போயிருச்சுங்க. அன்னைக்குச் சாயங்காலம் சோறு எறங்கலை.

அப்பறம்தான் நான் ஒரு முறை கொண்டாந்தேன். எனக்குக் கீழ மூணு பொம்பளைங்க. மூணு பேரையும் உக்கார வெச்சு, திருப்பூர்ல இருந்து வந்த வெள்ளைப் பனியன் துணி வேஸ்ட் எடுத்து, ஒவ்வொரு புஷ்ஷையும் உள்ளயும் வெளியவும் உருட்டி உருட்டித் தொடைக்கச் சொன்னேன். தொடைச்சதைப் பழைய நியூஸ் பேப்பர் விரிச்சு, வரிசையா அடுக்கி, மேல இன்னொரு பேப்பர் போட்டு மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருவோம். காலையில வந்து பாத்தா, அடடா, பேப்பரு அத்தனை எண்ணெயையும் குடிச்சிருக்கும். பாருங்கடி எத்தனை அழுக்குன்னு காட்டுவேன். மறுபடி ரெண்டாம் தடவையும் பேப்பர் மாத்துவோம். அதும் குடிக்கும். அப்பறம் புதுப் பேப்பர்ல சுத்திப் பெட்டியில வெச்சா, தொட்டாக் கையில ஒண்ணும் ஒட்டாது. வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில காயப்போட்ட சோளமாட்ட, அப்படி ஒரு சுத்தம்.

அந்தப் பேப்பரை வீண் பண்ணலைங்க. நாலு பேரும் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். தண்ணி காய வெக்கிற அடுப்புக்கு அந்த மாதிரி ஒண்ணு கெடைக்காது. ஒரு பக்கம் பத்த வெச்சாப் போதும், ஈர வெறகுகூடத் தகதகன்னு எரியும். மார்கழி முழுக்க எங்க தெருவுலயே மொதல்ல சுடுதண்ணி காஞ்சது எங்க வீட்லதான்.

பொங்கலுக்கு தனபால் சார் எல்லாருக்கும் முன்னால என்னையக் கூப்பிட்டு, செக்சனைச் சுத்தமா வெச்சிருக்காங்கன்னு சொல்லி ஒரு ஹாட்பாக்ஸ் குடுத்தாரு. மூடி மேல பூப் போட்டது. ஆறுச்சாமியண்ணனும் கை தட்டுனாரு. சத்தமே வரலை, கையெல்லாம் எண்ணெய்.

அப்பறம் வந்துச்சு பாருங்க சித்திரை. ஃபேன் கம்பெனியில இருந்து ஃபோனு மேல ஃபோனு. வெயில் காலம், சனங்க ஃபேனைப் போட்டுட்டுப் படுத்தா, ரெண்டே மாசத்துல கிரீச்சு கிரீச்சுன்னு கத்துதாம். பிரிச்சுப் பாத்தா புஷ்ஷு தேஞ்சு ஓட்டை பெருசாயிருக்குது, கம்பியெல்லாம் கீறல். பெட்டி பெட்டியாத் திரும்பி வந்துருச்சு. ஒரு மாசத்துல சரி பண்ணலைன்னா வேற எடத்துல வாங்கிக்கறோம்னு கடுதாசி. பாதிக் கம்பெனி அதை நம்பித்தானே ஓடுது.

புஷ்ஷு கத்துதுன்னா எண்ணெய் இல்லைன்னு அர்த்தம். எண்ணெய் யாரு பொறுப்பு? ஆறுச்சாமி. தொட்டியை மூடி, காத்தை உறிஞ்சி எடுத்து, எண்ணெய் உள்ள போற வரைக்கும் இத்தனை நேரம் வெக்கணும்னு கணக்கு இருக்குது. இவரு சீக்கிரம் எடுத்துட்டாருன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. என்னையக் கூப்பிட்டு, நீங்க எதாச்சும் பாத்தீங்களாம்மான்னு கேட்டாங்க. நான் பாத்ததைச் சொன்னேன். தொட்டி ஓடும்போது அவரு ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுட்டு இருப்பாருன்னு சொன்னேன். அது பொய்யில்லையே? உக்காந்துதான் இருப்பாரு. தொட்டி வேலையே கடிகாரத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற வேலைதானாம், அது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது.

அந்த மனுசன் அப்பவும் வாயத் தொறக்கலை. நேரம் முழுசா வெச்சேன் சார்னு ஒரு தடவை சொன்னாரு. அத்தோட சரி. தப்பு அவரோடதுன்னு ஆச்சுன்னா வேலை போயிரும், ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருக்கும்போது. அதுக்காச்சும் பேச வேண்டாமா?

டெஸ்ட் ரூம்ல பர்வீன் மேடம்னு ஒரு புள்ளை இருக்குதுங்க. இருவத்தாறு வயசுதான், ஆனா படிச்ச புள்ளை. அதுகிட்ட ஒரு மிசினு. புஷ்ஷுக்குள்ள கம்பியை மாட்டி, கீழ எடைக்கல்லைத் தொங்க விட்டு, நாள் கணக்கா ஓட விட்டுட்டே இருக்கும். எத்தனை சூடு, எத்தனை இழுப்பு, முன்னால என்ன எடை, ஓடுனதுக்கப்பறம் என்ன எடைன்னு எழுதிட்டே இருக்கும். அதுக்கு உராய்வு, தேய்மானம்னு பேரு வெச்சிருக்குது. எங்க ஊர்ல அதுக்குப் பேரு கிரீச்சு.

அந்தப் புள்ளை தொட்டியில இருந்து எடுத்த புஷ்ஷை அப்படியே மாட்டிப் பாத்துச்சு. பத்து நாள் ஓடுச்சுங்க, ஒரு சத்தம் இல்லை. என்ற பெட்டியில இருந்து ஒண்ணை எடுத்து மாட்டுச்சு. அடுத்த நாள் மத்தியானமே கத்த ஆரம்பிச்சுருச்சு. எங்க வரைக்கும் கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க. சரி, தொட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாக்கறேன்னு ஒரு நோட்டை எடுத்துட்டு என்ற செக்சனுக்கு வந்துச்சு.

நான் டீ வாங்கிக் குடுத்து, சேர் போட்டு உக்கார வெச்சு, என்ற முறையை ஒண்ணொண்ணா வெளக்குனனுங்க. எப்படி உருட்டணும், பேப்பரை எப்படி விரிக்கணும், ரெண்டாம் பேப்பர் எதுக்குன்னு. அது எல்லாத்தையும் நோட்டுல எழுதுச்சு. ஒரு பேப்பரை எடுத்து எடை போட்டுச்சு. காலையில வந்து அதே பேப்பரை மறுபடி எடை போட்டுச்சு. 'அக்கா, இந்தப் பேப்பரையெல்லாம் என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டுச்சு. அடுப்புக்கு, உனக்கும் ரெண்டு வேணுமான்னேன். அந்தப் புள்ளை என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, பாவம், சிரிக்கறதா அழுவறதான்னு அதுக்கே தெரியலை.

அப்பறம்தான் அது எனக்குச் சொல்லுச்சு. அந்த வெண்கலத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாம், அஞ்சுல ஒரு பங்கு வெறும் ஓட்டைதானாம். அதுக்குள்ளதான் எண்ணெய் உக்காந்திருக்குதாம். ஃபேன் சுத்துனா சூட்டுக்குக் கசிஞ்சு வெளிய வந்து கம்பியை நனைச்சுக்குமாம், நிறுத்துனா மறுபடி உள்ள போயிருமாம். அதோட சோறு அது. நான் பேப்பர் போட்டு அந்தச் சோத்தை உறிஞ்சி எடுத்துட்டேனாம். துரு புடிக்காம இருக்கறதுக்குத் தடவுன எண்ணெய்ன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க நான். ஒருத்தராச்சும் சொன்னாங்களா? பத்தொம்பது வருசம் டீச்சர். என்ற கையில கோடிப் புஷ்ஷு போயிருக்கும். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பேக்கிங்காரிக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டாங்க. 

தனபால் சார் எல்லாரையும் கூப்பிட்டாரு. மேசை மேல என்ற பேப்பரு கெடக்குது, எண்ணெய் குடிச்சது. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நான் அந்தப் பழைய பேப்பர் கடைக்காரனைத் திட்டுனேன், மட்டமான பேப்பரைக் குடுத்துட்டான், நல்ல பேப்பரா இருந்தா இப்படிக் குடிக்குமான்னு. ஒருத்தரும் சிரிக்கலை.

அப்ப தனபால் சார் ஆறுச்சாமியண்ணன்கிட்டக் கேட்டாரு, இருவது வருசமா எண்ணெயிலயே கெடக்கிறயே, இவங்க இப்படித் தொடைக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதான்னு. தெரியுமுங்கன்னாரு. தெரிஞ்சுட்டு ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு, 'மார்கழி மாசமே அந்தம்மாகிட்டச் சொன்னனுங்க'ன்னாரு. தனபால் சார் என்னையப் பாத்தாரு. சொன்னாராம்மான்னாரு. நான் இல்லீங்கன்னேன். அண்ணன் என்ற மொகத்தைப் பாத்தாரு. அப்பறம், 'அப்ப நான்தான் மறந்திருப்பனுங்க'ன்னாரு.

பாருங்க, அவரே ஒத்துக்கிட்டாரு. எல்லாரும் கேட்டாங்க.

தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தான்னு சொல்லி அவரைத் தொட்டியில இருந்து எடுத்து, குப்பை வண்டி தள்ற வேலைக்குப் போட்டுட்டாங்க. எனக்கு ஒண்ணும் சொல்லலை. இனிமே தொடைக்காதீங்கம்மான்னு பிளாஸ்டிக் கவர் குடுத்துட்டாங்க. கவர்ல போட்ட புஷ்ஷை மிசின்ல ஓட்டிப் பாத்தாங்க, கத்தலை, ஆர்டரும் கைய விட்டுப் போகலை, எல்லாம் சரியாப் போச்சு. அவரு மட்டும் நாலு நாள் வண்டி தள்ளுனாரு. அஞ்சாம் நாள் வரலை. இன்னைக்குப் பதினொரு நாளாச்சு. திங்கக்கெழமைக்குள்ள வரலைன்னா பேரை எடுத்துருவேன்னு தனபால் சார் சொல்லிட்டாரு.

தொட்டிக்கு இப்ப வேற ஆளு. தட்டை நல்லா வடிச்சுத் தொடைச்சுக் கொண்டாறாரு. தரையில ஒரு சொட்டு விழறதில்லை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரையும் ஒரு வார்த்தை திட்ட முடியலை. வேலையே ஓடமாட்டேங்குது டீச்சர். வாசப்படியில அந்தக் கோட்டைப் பாத்தா எனக்கு நெஞ்சு கேக்கலைங்க. அதான் லீவு போட்டுட்டு, மைசூர்பாகு வாங்கீட்டு, போய் நாலு சத்தம் போட்டு இழுத்துட்டு வந்தர்லாம்னு கெளம்பிட்டேன். அவருக்கும் பிடிக்கும், நெய் ஒழுகறதா வாங்கியிருக்கேன்.

என்ன கேட்டீங்க? அவரு சொன்னாரா இல்லையான்னா? அதைத்தான் சொன்னேனே, அவரே மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டாருன்னு.

கோவில்பாளையம் தாண்டிருச்சுங்களா? சரி, ஒரு உதவி பண்ணுங்க. அங்க போய் எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க ஆறுச்சாமியா இருங்க. ஒண்ணும் கஷ்டமில்லை, பேசாம உக்காந்திருந்தாப் போதும். இப்ப நான் வாசல்ல வந்து நிக்கறேன். ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா? நடந்தது நடந்து போச்சு. உங்க மேல தப்பில்லைன்னு சொல்லலை, நீங்க தட்டை ஒழுங்கா வடிச்சுக் கொண்டாந்திருந்தா நான் எதுக்குத் தொடைக்கப் போறேன்?

இல்லை, இது சரியா வரலை. மறுபடியும். ஏனுங்கண்ணா, நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கா இத்தனை வருசம் வேலை பாத்தோம். எனக்கு ஒண்ணும் தெரியாம நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. ஆனாலும் ஆபீஸ்ல அப்படி வாய மூடிட்டா நின்னுருப்பாங்க ஒரு ஆம்பளை?

நீங்க சிரிக்கறீங்க. அவரும் இப்படித்தான் சிரிப்பாரு.

சரீங்க. சொன்னாருங்க.

பொங்கலுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால. எல்லாரும் லீவுக்கு ஓடற அவசரத்துல இருந்தோம். நான் பேப்பரை விரிச்சுட்டு இருந்தேன். அவரு வந்து கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னாரு. இந்தப்பக்கம் வரலை. 'ஏனுங்கம்மா, அதைப் பேப்பர்ல வெக்காதீங்க, உள்ள இருக்கறதெல்லாம் போயிரும்'னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? மொதல்ல உங்க காலைப் பாருங்க, தரையெல்லாம் எண்ணெய், எனக்குச் சுத்தம் சொல்லிக் குடுக்க வந்துட்டீங்களான்னேன். மூணு பொம்பளைகளும் சிரிச்சாங்க. அவரு குனிஞ்சு, தோள்ல இருந்த துண்டை எடுத்து அந்த எடத்தைத் தொடைச்சுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேசலை.

ஆபீஸ்ல சார் கேட்டப்ப எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இல்லீங்கன்னுதான் வாயில வந்துச்சு. அது வந்துருச்சு, அப்பறம் அதை எப்படி உள்ள இழுக்கறது? ஹாட்பாக்ஸ் வாங்குனவ நான். அவரு என்ற மொகத்தைப் பாத்தாருன்னு சொன்னனே, அப்பவே அவருக்குத் தெரிஞ்சு போச்சு நான் பொய் சொல்றேன்னு. என்னையக் காட்டிக் குடுக்க வேண்டாம்னுதான் மறந்துட்டேன்னாரு. வீட்டுக்குப் போய் அழுதனுங்க. யாருகிட்டயும் சொல்லலை, இப்பத்தான் உங்ககிட்டச் சொல்றேன்.

சரி, இப்ப ஒழுங்கா வருது பாருங்க. ஏனுங்கண்ணா, மார்கழி மாசம் நீங்க எங்கிட்டச் சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் இல்லைன்னு சொன்னேன். வந்துருச்சுல்ல? நல்லா வந்துருச்சு.

ஆனா டீச்சர், இதைக் கேட்டு அவரு என்ன பண்ணுவாரு? நான் பொய் சொன்னேன்னு அவருக்குத்தான் தெரியுமே. அவருக்குத் தெரிஞ்ச விசயத்தை அவருகிட்டயே சொல்றதுக்கு நான் எதுக்கு இத்தனை தூரம் பஸ்ஸேறி வரணும்? மைசூர்பாகு வேற. தெரியாதது தனபால் சாருக்குத்தானே? அவரு கணபதியில உக்காந்திருக்காரு, நான் இங்க அன்னூருக்கு வந்துட்டு இருக்கேன்.

ஏனுங்க கண்டக்டர், அன்னூர்ல என்னைய எறக்கி விட்டுருங்க. டிக்கெட் புளியம்பட்டிக்குத்தான், யாரு இல்லைன்னா? முன்னாலயே எறங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குதா? நான் மெதுவாத்தான் எறங்குவேன், நீங்க விசிலைப் புடிச்சுட்டு நில்லுங்க.

வரேனுங்க டீச்சர். எதிர்த்த பக்கம் போய் நின்னா அடுத்த பஸ்ஸு வந்துரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால ஆபீசுக்குப் போயிரலாம், அப்பத்தான் எல்லாரும் இருப்பாங்க. அன்னைக்கும் எல்லாரும்தான் இருந்தாங்க. என்ன சொல்லணும்? 'சொன்னாருங்க சார், எனக்குக் கேட்டுச்சு.' அவ்வளவுதானுங்களே? நடுவுல நான் பேப்பர்க்காரனைப் பத்தி எதாச்சும் ஆரம்பிச்சுருவேனோன்னுதான் பயமா இருக்குது.